வீழ்ந்தவருக்கு எழுந்தவர் துணை: போதைநோயிலிருந்து மீள்வோரிடையே உடன்துணைப் பணி

மருத்துவமனையில் இரண்டு அல்லது மூன்று வாரம் தங்கி, உடலிலிருந்து மது நீங்கப்பெற்று வீடு திரும்பும் ஒருவருக்கு உண்மையான சோதனை அன்றுதான் தொடங்குகிறது. மருத்துவமனையில் மது இல்லை, பழைய நண்பர்கள் இல்லை, கடன்காரர் இல்லை. வீட்டிலோ இவை யாவும் அவருக்காகக் காத்திருக்கின்றன. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளும் ஆலோசகர் கொடுத்த அறிவுரைகளும் கையில் இருக்கின்றன. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கை நடுங்கும்போது, அந்த நடுக்கத்தை அறிந்தவர் எவரும் அருகில் இல்லை. இந்த இடைவெளியில் நின்று பணியாற்றுபவரையே இக்கட்டுரையில் ‘உடன்துணையாளர்’ என்று அழைக்கிறோம். அவர் யார், அவருடைய பணி எவ்வாறு தோன்றியது, அதன் எல்லைகள் எவை, அவரைத் திருச்சபை எவ்வாறு பயன்படுத்தலாம், எவ்வாறு பயன்படுத்தலாகாது என்பவற்றை ஆராய்வதே நம் நோக்கம்.

இவ்வாராய்ச்சி காலத்துக்கு ஏற்றதா என ஐயுறுவோர் நம் நாட்டின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளியாயின. அதன்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர், அவர்களுள் 5.7 கோடிக்கு மேற்பட்டோர் மதுவினால் விளையும் துன்பங்களுக்கு உதவி தேவைப்படுவோர். ஆனால் மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். மருத்துவமனைகளின் எண்ணிக்கையை எவ்வளவு பெருக்கினாலும் இவ்விடைவெளியை அவை மட்டுமே நிரப்பிவிட இயலாது என்பது வெளிப்படை.

1. சொல்லும் பொருளும்

உடன்துணையாளர் என்பவர் ஒரு காலத்தில் தாமே மதுவுக்கோ வேறு போதைப்பொருளுக்கோ அடிமையாயிருந்து, அதிலிருந்து மீண்டு, ஓரளவு காலம் உறுதியாக நின்று, அவ்வனுபவத்தைக் கொண்டு மற்றொருவரின் மீட்சிக்குத் துணைநிற்பவர். இவ்விலக்கணத்தில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, அனுபவம். நூலறிவு அதனை நிறைவுசெய்யலாம். அதன் இடத்தைப் பெறமுடியாது. இரண்டாவது, உறுதியான மீட்சி. நேற்றுக் குடியை விட்டவர் இன்று மற்றவருக்குத் துணையாக நியமிக்கப்படுவது இருவருக்கும் ஆபத்து. மூன்றாவது, சமநிலை. உடன்துணையாளர் மேலிருந்து கீழே கைநீட்டுபவர் அல்லர். அதே பாதையில் சில அடிகள் முன்னே நடப்பவர்.

மருத்துவரையும் ஆலோசகரையும் ஆயரையும் அவர் ஒத்தவரல்லர் என்பது இதனால் விளங்கும். மருத்துவர் நோயை ஆராய்ந்து மருந்து தருகிறார். ஆலோசகர் பயிற்சி பெற்ற முறைப்படி உள்ளத்தின் சிக்கல்களை அவிழ்க்கிறார். ஆயர் இறைவார்த்தையையும் திருவருட்சாதனங்களையும் கொண்டு மேய்க்கிறார். உடன்துணையாளரிடம் இவற்றுள் எதுவும் இல்லை. ‘நானும் அங்கே இருந்தேன், இப்போது இங்கே இருக்கிறேன், உம்மாலும் வரமுடியும்’ என்று சொல்லும் உரிமை மட்டுமே அவரிடம் உள்ளது. அந்த உரிமையை வேறெவரும் பெற்றிருக்கவில்லை.

2. இப்பணி வளர்ந்த வரலாறு

குடியை விட்டவர் குடிப்பவருக்கு உதவும் வழக்கம் புதியதன்று. 1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மதுக்கடையில் கூடியிருந்த ஆறு குடிகாரர் இனிக் குடிப்பதில்லை என ஒருவருக்கொருவர் உறுதிமொழி அளித்து ஒரு சங்கத்தைத் தொடங்கினர். வாஷிங்டனியர் எனப்பட்ட இவர்கள் தங்கள் கூட்டங்களில் சொற்பொழிவாளர்களை அழைப்பதை விடுத்துத் தங்கள் கதைகளையே சொன்னார்கள். குடிகாரன் திருந்தமாட்டான் என்று பலரும் எண்ணியிருந்த அக்காலத்தில் இது வியப்பை உண்டாக்கியது. சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர். ஆயினும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இயக்கம் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. மதுவிலக்கு அரசியலில் கருத்து வேறுபாடுகள் நுழைந்தன, உறுதிமொழிக்குப் பின் ஒருவர் எவ்வாறு வாழவேண்டும் என்பதற்கு நிலையான ஒழுங்கு இல்லை, பேச்சாளர்கள் புகழ்பெற்றவர்களாயினர். இம்மூன்று காரணங்களும் நமக்கு இன்றும் பாடமாக உள்ளன.

அடுத்த கட்டம் ஒரு திருச்சபையில் நிகழ்ந்தது. 1906இல் பாஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் எல்வுட் உஸ்டர் என்ற ஆயர் மருத்துவர்களுடன் இணைந்து நரம்புத் தளர்ச்சியாலும் குடியாலும் வருந்துவோருக்கு உதவும் பணியைத் தொடங்கினார். அங்கே உதவி பெற்று மீண்ட கோர்ட்னி பேலர் என்பவர், 1913 முதல் அதே பணியில் மற்றக் குடிநோயாளருக்குத் துணைநிற்பவராக அமர்ந்தார். அவர் மருத்துவரும் அல்லர், குருவும் அல்லர். காப்பீட்டு முகவராயிருந்த பொதுநிலையினர். சொந்த மீட்சியையே தகுதியாகக் கொண்டு இப்பணியைத் தொழிலாக ஏற்றவர்களுள் அவர் முன்னோடி எனலாம். ஒரு ஆலயமே அவருக்கு இடமளித்தது என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான கட்டம் 1935இல் ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. நியூயார்க் பங்குச்சந்தையில் பணியாற்றிய பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டவர். ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தொடர்பில் அவர் இருந்தார். அடுத்துவந்த மாதங்களில் பல குடிகாரர்களிடம் சென்று பேசினார். அவர்களுள் எவரும் குடியை விட்டு நிலைக்கவில்லை. ஆனால் அவர் குடிக்காமலிருந்தார். 1935 மே மாதத்தில் வணிகக் காரியமாக ஆக்ரனுக்குச் சென்று, அம்முயற்சி தோற்று, ஒரு விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றபோது, ஒரு பக்கம் மதுக்கூடம் அவரை அழைத்தது. தாம் நிலைத்து நிற்கவேண்டுமானால் மற்றொரு குடிகாரரிடம் பேசியாகவேண்டும் என அவர் உணர்ந்தார். ஆலயங்களின் பட்டியலைப் பார்த்து உவால்டர் டங்க்ஸ் என்ற ஆயரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆயர் சிலருடைய பெயர்களைத் தந்தார். அவ்வழியே அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தைச் சந்திக்கும் வாய்ப்புக் கிட்டியது. பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் என்று வந்த அம்மருத்துவர் பல மணி நேரம் தங்கிப் பேசினார்.

அச்சந்திப்பில் நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்கவேண்டும். பாப் ஸ்மித் குடியின் கேட்டினை அறியாதவர் அல்லர், அவரே மருத்துவர். ஆலயத்துக்கும் ஆக்ஸ்போர்டு குழுவின் கூட்டங்களுக்கும் சென்றுவந்தவர். அறிவும் இருந்தது, பக்தியும் இருந்தது, குடியும் இருந்தது. வில்சன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தமக்கு உதவி தேவைப்பட்டதால் வந்ததாகவே பேசினார். தம் சொந்த அனுபவத்திலிருந்து தம் நிலையை உணர்ந்து பேசிய முதல் மனிதர் அவரே என்று மருத்துவர் பின்னர் குறிப்பிட்டார். ஒருமுறை மீண்டும் குடித்தபின், 1935 ஜூன் 10 முதல் தாம் 1950இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. ஜூன் 10ஆம் நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கத்தின் பிறந்தநாளாகக் கருதப்படுகிறது. 1939இல் ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில் இக்னேஷியா என்ற கன்னிகை குடிநோயாளரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது, மீண்டவர்கள் படுக்கையருகே வந்து நோயாளரைச் சந்திப்பது சிகிச்சையின் பகுதியாயிற்று.

இவ்வியக்கம் 1957இல் இந்தியாவிலும் வேர்கொண்டது. இன்று தமிழகத்தின் பல ஊர்களில் இதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் சில ஆலயக் கட்டடங்களில் கூடுகின்றன. குடிநோயாளரின் குடும்பத்தாருக்காக 1951இல் தோன்றிய அல்-அனான் இயக்கமும் நம்மிடையே உள்ளது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், 1989 முதல் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம்கள் நடத்தி, ஊராரையே சிகிச்சைக்குத் துணையாக்கும் முறையை வளர்த்தது. அமெரிக்காவிலோ உடன்துணை ஒரு முறையான பணியாக உருப்பெற்றது. 1999இல் ஜார்ஜியா மாநிலம் மனநலப் பணியில் உடன்துணையாளரின் சேவைக்கு அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து பணம் பெற வழிசெய்தது. 2007இல் நடுவண் அரசு எல்லா மாநிலங்களுக்கும் அதற்குரிய விதிகளை அறிவித்தது: பயிற்சி, சான்றிதழ், மேற்பார்வை ஆகிய மூன்றும் கட்டாயம்.

3. உதவுபவர் பெறும் உதவி

இவ்வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. வில்சன் ஆறு மாதம் பிறருக்கு உதவ முயன்று ஒருவரையும் மீட்கவில்லை; ஆனால் அம்முயற்சியே அவரை மீட்டது. பிராங்க் ரீஸ்மன் என்ற சமூகவியலறிஞர் 1965இல் இவ்வுண்மையை ஒரு கோட்பாடாக விளக்கினார். உதவி பெறுபவருக்கு எவ்வளவு பயன் விளைகிறதென்பது ஐயத்துக்குரியதாயினும், உதவுபவர் பெரும்பாலும் பயனடைகிறார் என்பதே அதன் சாரம். ‘உன்னால் யாருக்கும் பயனில்லை’ என்ற சொல்லைப் பல ஆண்டுகள் கேட்டுவந்த ஒருவர், தம் வாழ்வின் மிக இழிவான பகுதியே மற்றொருவருக்குப் பயன்படுவதைக் காணும்போது அவருடைய பழைய காலம் வேறு பொருள் பெறுகிறது. அது அழிக்கப்படவில்லை, பயன்படுத்தப்படுகிறது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் ஆறுதலைக் குறித்துக் கூறுவதும் இதற்கு அணித்தானதே. உபத்திரவத்தில் இறைவனிடம் ஆறுதல் பெற்றவர், அந்த ஆறுதலையே மற்றவருக்கு அளிக்கத் தகுதி பெறுகிறார் என்பது அவருடைய கருத்து. ஆக்ரன் நகரின் தொடக்ககால உறுப்பினர் யாக்கோபின் நிருபத்தை விரும்பிப் படித்தனர் என்பதும் அறியத்தக்கது. குறைகளை ஒருவருக்கொருவர் அறிக்கையிட வேண்டும் என்னும் அதன் அறிவுரை குருவானவர் ஒருவரிடம் மட்டும் அறிக்கையிடுவதைக் குறிக்கவில்லை. சமமானவர்களிடையே நிகழ்வதைக் குறிக்கிறது.

இம்முறையால் பயன் உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் நிலவியது. 2020இல் காக்ரேன் நிறுவனம் வெளியிட்ட மதிப்பாய்வு, 10,000க்கு மேற்பட்டோர் பங்குபெற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. ஏ.ஏ. இயக்கத்தில் பங்குபெறுமாறு நோயாளரை முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருப்பதைப் பொறுத்தவரை, பிற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பயன் தந்தது என்பது அதன் முடிவு. இதனைக் கொண்டு மருத்துவம் வேண்டா என்பார் தவறிழைப்பர். அவ்வாய்வுகளில் பங்குபெற்றோர் சிகிச்சையின் வழியாகவே கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவமும் உடன்துணையும் கைகோக்கும்போது பயன் மிகுகிறது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

4. பணியின் அன்றாட வடிவம்

உடன்துணையாளர் நாள்தோறும் செய்வது என்ன? பெரும்பாலும் சிறிய காரியங்களே. மருத்துவமனைக்கு உடன்செல்கிறார், வரிசையில் உடன்நிற்கிறார். சம்பள நாளன்று தொழிற்சாலை வாயிலில் காத்திருந்து, பணம் வீடுசேரும்வரை உடன்நடக்கிறார். வழக்கமாக வீடு திரும்பும் வழியில் டாஸ்மாக் கடை இருந்தால் வேறு வழியைக் கண்டுபிடிக்க உதவுகிறார். திருமண வீடு, சாவு வீடு, திருவிழா, தேர்தல் ஆகிய நான்கும் நம் ஊர்களில் குடிக்கு அழைக்கும் நான்கு வாசல்கள். அவற்றுக்கு முன்னதாகவே அமர்ந்து, யாருடன் செல்வது, எங்கே அமர்வது, எப்போது திரும்புவது, ஊற்றிக்கொடுப்பவரிடம் என்ன சொல்வது எனத் திட்டமிட வைக்கிறார்.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மீண்டும் குடிக்கத் தூண்டுபவை என்பது இவ்வியக்கங்களில் அனைவரும் அறிந்த பாடம். இதனை ஆலோசகரும் சொல்வார். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் கைப்பேசியில் அழைத்து, “அண்ணே, கடைப் பக்கத்துல நிக்கிறேன்” என்று சொன்னால், “தம்பி, சாப்பிட்டியா? அங்கேயே நில்லு, வர்றேன்” என்று எழுந்து செல்பவர் உடன்துணையாளரே. அவ்வேளையில் அவர் குடியின் தீமையைக் குறித்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. உணவு விடுதிக்கு அழைத்துச் சென்று அருகில் அமர்கிறார். குடிக்கவேண்டும் என்ற வேட்கை அலைபோல் எழுந்து, உச்சமடைந்து, தணியும் இயல்புடையது என்பதை அவர் தம் உடலில் கற்றவர். அந்த அலை தணியும்வரை உடனிருப்பதே அவருடைய பணி.

குடும்பத்தாருக்கும் அவர் ஒருவகை மொழிபெயர்ப்பாளர். கணவன் குடியை விட்டு மூன்று மாதம் ஆனபின்னும் மனைவி அவர் வாயை முகர்ந்து பார்க்கிறார், சட்டைப்பையைத் துழாவுகிறார். ‘இன்னுமா நம்பிக்கை இல்லை?’ எனக் கணவன் சினக்கிறார். பத்தாண்டுகள் உடைக்கப்பட்ட நம்பிக்கை மூன்று மாதத்தில் திரும்பாது என்பதைக் கணவருக்கு எடுத்துரைப்பதும், அந்த ஐயமே அவரை மீண்டும் கடைக்கு அனுப்பக்கூடும் என்பதை மனைவிக்கு எடுத்துரைப்பதும் எளிதன்று. இரு பக்கமும் நின்றவரே அதனைச் சொல்லமுடியும். போதைக்கு அடிமையான பெண்களின் நிலை இன்னும் கடினமானது. வெளியில் தெரிந்தால் குடும்ப மானம் போகும் என்ற அச்சத்தால் அவர்களுடைய நோய் மறைக்கப்படுகிறது. அவர்களுக்குப் பெண் ஒருவரே துணையாக வேண்டும்.

5. எல்லைகள்

இப்பணியின் மேன்மையைக் கூறுவதோடு அதன் எல்லைகளையும் கூறியாகவேண்டும். எல்லை அறியாத அன்பு உயிருக்கே கேடாக முடியலாம்.

முதலாவது, நெடுங்காலம் மிகுதியாகக் குடித்துவந்தவரை வீட்டிலேயே திடீரென நிறுத்தச் செய்வது உடன்துணையாளரின் வேலையன்று. குடியை நிறுத்திய முதல் சில நாள்களில் வலிப்பும், கடும் மனக்குழப்பமும், மாயத்தோற்றங்களும் ஏற்படலாம். தக்க மருத்துவம் இன்றேல் மரணமும் நேரலாம். ஆலயத்தில் அடைத்துவைத்து உபவாசமிருக்கச் செய்தால் குடி போய்விடும் என எண்ணும் அன்பர்கள் இதனை அறியவேண்டும். ஹெராயின் போன்ற பொருள்களை விட்டவரிடம் வேறொரு ஆபத்து உண்டு. சில வாரம் விலகியிருந்தபின் உடல் அதனைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. அந்நிலையில் பழைய அளவையே மீண்டும் உட்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். விட்டபின் வீழ்பவரே பெரிதும் இறக்கிறார்கள் என்பதால், வீழ்ச்சியை மறைக்காமல் உடனே சொல்லத்தக்க ஒருவர் அருகில் இருப்பது உயிர்காக்கும் காரியமாகும்.

இரண்டாவது, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துமாறு அவர் ஒருபோதும் கூறலாகாது. தமக்கு மருந்தின்றி விடுதலை கிடைத்தது என்பதால் எல்லாருக்கும் அவ்வாறே கிடைக்கும் என எண்ணுவது அனுபவத்தின் அகந்தை.

மூன்றாவது, கேட்டவற்றை வெளியிடலாகாது. ஆயரிடமும் சொல்லக்கூடாது. ஆயினும் தம் உயிரையோ பிறர் உயிரையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால், அதனை இரகசியமாக வைத்திருப்பதும் தவறு. இவ்விதிவிலக்கை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடவேண்டும்.

நான்காவது, கட்டாயப்படுத்துதல் கூடாது. குடிப்பவரைக் கட்டிவைத்துத் திருத்தும் இடங்கள் நம்மிடையே இருந்தன. மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை எவ்வகையிலும் தடைசெய்கிறது.

ஐந்தாவது, பணமும் கடனும் இடையில் வரலாகாது. கடன் கொடுத்தவரிடம் வீழ்ச்சியை ஒப்புக்கொள்ள எவரும் வருவதில்லை.

நல்ல சமாரியனின் உவமை இங்கு நமக்கு உதவும். அவன் காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். ஓர் இரவு உடனிருந்தான். பின்னர் விடுதிக்காரனிடம் ஒப்படைத்துத் தன் வழியே சென்றான். மீண்டும் வருவதாகவும் சொன்னான். நாம் அவனுடைய இரக்கத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஒப்படைக்க அறிந்திருந்த அவனுடைய அறிவை அவ்வளவாகப் பிரசங்கித்ததில்லை.

6. மேடையும் துணையும்

நம் திருச்சபைகளில் மிகக் கவனமாகச் சிந்திக்கவேண்டிய காரியம் ஒன்றுண்டு. ஒருவர் குடியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டவுடன் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பது நம் வழக்கம். இதன் நோக்கம் நல்லதே. இறைவனுடைய செயலை அறிவிப்பது சபையின் கடமை. ஆயினும் இதனால் விளையும் கேட்டினை வாஷிங்டனியர் காலமே காட்டியது.

ஜான் கோ என்ற புத்தகம் கட்டும் தொழிலாளி 1842இல் குடியை விட்டு, மிகச் சிறந்த மதுவிலக்குப் பேச்சாளராய் விளங்கினார். ஆயிரக்கணக்கானோர் அவர் உரையைக் கேட்கத் திரண்டனர். 1845இல் நியூயார்க் நகரில் அவர் திடீரெனக் காணாமற்போனார். பல நாளுக்குப்பின் ஒரு வீட்டில், குடித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார். நாட்டின் செய்தித்தாள்கள் யாவும் அதனை எழுதின. பானத்தில் ஏதோ கலந்து தமக்குக் கொடுத்துவிட்டனர் என்பது அவருடைய விளக்கம். பலர் அதனை நம்பவில்லை. அவர் மீண்டும் எழுந்து, 1886இல் இறக்கும்வரை குடிக்கு எதிராக உழைத்தார். வீழ்ந்தபின் எழுந்ததே அவருடைய வாழ்வின் பெருமை. ஆனால் ஊரறிய வீழ்ந்த எல்லாரும் அவ்வாறு எழுவதில்லை.

மேடையில் நின்றவர் மீண்டும் குடித்தால் என்ன செய்வார்? ‘விடுதலை பெற்றேன்’ என்று அறிவித்த அதே மக்கள் முன் எப்படித் தலைநிமிர்வார்? பெரும்பாலும் அவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவருக்கு உதவி மிகுதியாகத் தேவைப்படும் வேளையில், உதவக்கூடிய இடத்தின் கதவை அவரது சாட்சியே அடைத்துவிடுகிறது. மீட்சியின் பாதையில் மறுவீழ்ச்சி பலருக்கு நேர்வது. மருத்துவ உலகம் அதனை நோயின் இயல்புகளுள் ஒன்றாகவே கருதுகிறது. அதற்கு இடமளிக்காத சாட்சி, எழுந்தவரைப் புகழ்ந்து, வீழ்ந்தவரைத் துரத்துகிறது.

உடன்துணைப் பணி இதற்கு நேர்மாறானது. அது மேடையில் நிகழ்வதில்லை. தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் நிகழ்கிறது. ஏ.ஏ. இயக்கத்தார் தங்கள் பெயரை வெளியிடாத வழக்கத்துக்கு இரு பயன் உண்டு. வருபவரின் மானத்தை அது காக்கிறது; உதவுபவரைப் புகழிலிருந்தும் காக்கிறது. சாட்சி ஓர் உரையை நாடுகிறது. துணை ஒரு மனிதரை நாடுகிறது. இரண்டுக்கும் சபையில் இடமுண்டு. ஆனால் ஒருவர் சில ஆண்டுகள் துணையாக நின்று பழகியபின் சாட்சியாக நிற்பது ஒழுங்கு. முதல் மாதத்திலேயே சாட்சியாக்கப்படுவது கொடுமை.

7. ஊதியம் பற்றிய வினா

இப்பணிக்கு ஊதியம் அளிக்கலாமா? ஏ.ஏ. இயக்கம் தன் உறுப்பினர் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிக்குப் பணம் பெறுவதை ஏற்பதில்லை. இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்ற உணர்வு அதில் உள்ளது. ஊதியம் வந்தால் சமநிலை குலையும், நண்பர் அலுவலராகிவிடுவார் என்ற அச்சமும் உண்டு. மறுபுறம், மருத்துவமனையில் நாள் முழுவதும் பணியாற்றுமாறு ஒருவரை அமர்த்திவிட்டு, அன்பின் பெயரால் ஊதியம் மறுப்பது நீதியாகாது. மறுவாழ்வு மையங்களில் மீண்டவர்களே இரவுபகலாய்த் தங்கி, உணவையும் உறைவிடத்தையும் மட்டுமே கூலியாகப் பெற்று உழைக்கும் நிலை காணப்படுகிறது. வேறு வேலை கிடைக்காத அவர்களுடைய நிலையை அது பயன்படுத்திக்கொள்கிறது.

இரண்டையும் பிரித்தறிவதே தீர்வாகும். இயக்கத்தின் உறுப்பினராக இரவில் எழுந்து செல்பவர் கைம்மாறு கருதாதவர். ஒரு நிறுவனத்தின் பணியாளராக அதே காரியத்தைக் குறித்த நேரத்தில், பொறுப்புக்கூறும் கடமையோடு செய்பவர் தொழிலாளி. அவர் கூலிக்குப் பாத்திரர். அவருக்கு ஊதியமும், விடுமுறையும், மேற்பார்வையாளரும் வேண்டும். மேற்பார்வை என்பது கண்காணிப்பன்று. பிறருடைய துன்பங்களை நாள்தோறும் கேட்பவர் தம் பாரத்தை இறக்கிவைக்கும் இடமாகும். அவரும் மீண்டுகொண்டிருப்பவரே. தம் சொந்தக் கூட்டத்துக்குச் செல்லும் நேரத்தைப் பணி விழுங்கிவிட்டால், துணையாக நின்றவரே துணையின்றி வீழ்வார். அவ்வாறு வீழ்ந்தால் அவரை வேலையிலிருந்து நீக்குவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பணியிலிருந்து ஓய்வளித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் ஒழுங்கு முன்னதாகவே வகுக்கப்பட்டிருக்கவேண்டும்.

8. சபை செய்யக்கூடியவை

ஆக்ரன் நகரின் ஆயர் டங்க்ஸ் செய்ததை மீண்டும் நினைவுகூர்வோம். அவர் வில்சனுக்கு ஆலோசனை கூறவில்லை; செபக்கூட்டத்துக்கு அழைக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில், தாம் ஒரு குடிகாரர் எனவும் வேறொரு குடிகாரரைக் காணவேண்டுமெனவும் கேட்டபோது, தொலைபேசியை வைத்துவிடாமல் சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். உலகம் முழுவதும் பரவிய ஓர் இயக்கத்தின் பிறப்பில் ஆயரின் பங்கு அவ்வளவே. ஆனால் அது இன்றேல் சந்திப்பு நிகழ்ந்திராது.

இதனைப் பின்பற்றி ஒவ்வொரு ஆயரும் சில எளிய காரியங்களைச் செய்யலாம். தம் ஊரிலோ அண்டை நகரிலோ உள்ள ஏ.ஏ., அல்-அனான் கூட்டங்களின் நாளும் இடமும் அறிந்து வைத்திருக்கலாம். போதையிலிருந்து மீட்க அரசு மருத்துவமனையில் உள்ள வசதிகளையும், 14446 என்ற இலவசத் தேசிய உதவி எண்ணையும் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதலாம். கூட்டங்களுக்கு ஆலயத்தின் ஓர் அறையை, எந்த நிபந்தனையுமின்றித் திறந்துவிடலாம். அங்கு வருபவர் எல்லாரும் கிறிஸ்தவராக இருக்கமாட்டார்கள். அவர்களை உறுப்பினராக்கும் எண்ணத்தோடு அறையைக் கொடுத்தால் அவ்வறை விரைவில் காலியாகும். திருவிருந்தில் புளித்த திராட்சரசம் பயன்படுத்தும் சபைகளில், மீண்டுகொண்டிருப்பவர் வெட்கமின்றி விலகிநிற்கவோ, புளிக்காத இரசத்தைப் பெறவோ வழிசெய்யலாம். குடியைக் குறித்த பிரசங்கத்தில் குடிகாரரை நகைப்புக்குரியவராகக் காட்டாதிருக்கலாம்.

இறையியல் மாணவருக்கும் ஒரு சொல். நீங்கள் போதைநோய் குறித்த பாடங்களைக் கற்பீர்கள், கற்கவும் வேண்டும். ஆனால் உங்கள் சபையின் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர், பத்து ஆண்டுகளாய்க் குடிக்காதிருப்பவர், நீங்கள் கற்காததை அறிந்திருக்கிறார். அவரிடம் முதலில் கேட்கவேண்டியது, ‘சாட்சி சொல்கிறீர்களா?’ என்பதன்று. ‘ஐயா, அடுத்த தெருவில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து நேற்றுத்தான் வீடு வந்திருக்கிறார். மாலையில் நீங்கள் அவரைப் போய்ப் பார்க்கமுடியுமா?’ என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நீங்கள் உடன்செல்லவேண்டியதில்லை. வீட்டின் வழியை மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிவந்தபின் அவர் களைத்திருக்கிறாரா எனக் கவனித்துக்கொள்ளுங்கள்.